மேடைப் பிள்ளையின் புகழுக்குக் காரணம் குடும்பத்தின் தியாகமே!

(ராணிப்பேட்டையில் நடந்த ‘மேடையில் பிள்ளைகள் புகழ் பெறக் காரணம் – திறமையா? தியாகமா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘தியாகமே’ என்ற அணியின் மூன்றாவது பேச்சாளர் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எதிரே உட்கார்ந்திருக்கிற, இப்ப வரைக்கும் சந்தோஷமா உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) ராணிப்பேட்டைப் பெரியோர்களே, தாய்மார்களே, டேனரியில ஷிப்டு முடிச்சு வீட்டுக்குக் கூடப் போகாம நேரா இங்க வந்து நிக்கிற என் அண்ணன் தம்பிகளே!

எனக்கு முன்னாடி பேசின அம்மா ஒரு உவமை சொன்னாங்க. நல்லாக் கை தட்டினீங்க. “விதை வீரியமா இருந்தா பாறையிலகூட முளைக்கும். அதுக்கு யாரும் தண்ணி ஊத்த வேண்டாம்”னாங்க. அம்மா, பாறையில முளைச்ச செடியை நானும் பார்த்திருக்கேன். பக்கத்துல போய்ப் பாருங்க, பாறை வெடிச்சிருக்கும். செடியைப் பார்க்கிறவன் விரிசலைப் பார்க்கிறதில்ல. அந்த விரிசலைப் பத்திப் பேசத்தான் எங்க அணி வந்திருக்கு. (கைதட்டல்)

நடுவர் அவர்களே, இந்தத் தலைப்பை இந்த ஊர்ல வச்சீங்க பாருங்க, அது பொருத்தம். ராணிப்பேட்டைங்கிற பேரு எப்படி வந்துச்சு? செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜா போர்ல செத்தப்போ உடன்கட்டை ஏறினாளே ஒரு சின்ன வயசு ராணி, அவ நினைவா வச்ச பேருன்னு பெரியவங்க சொல்வாங்க. 2019-லேருந்து இது மாவட்டத் தலைநகரம். எத்தனை பெரிய ஊரா ஆனாலும் பேருல நிக்கிறது ஒரு பொண்ணோட தியாகம். அந்த ராணியை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களான்னு தெரியாது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில இதுக்கு வர்றேன்.

இப்ப இருக்கிற பிள்ளைங்ககிட்ட ‘பாய்ஸ் கம்பெனி’ன்னு சொன்னா, ஏதோ சட்டை விக்கிற கடைன்னு நினைக்குது. (சிரிப்பு) அது நாடகக் கம்பெனி. ராத்திரி முழுக்கப் பாட்டு. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன்னு எல்லா வேஷமும் கட்டுறது எட்டு வயசு, பத்து வயசு, பன்னிரண்டு வயசுப் பையனுங்க. பெரிய நடிகர்களை வச்சு நாடகம் போட்டா, எழுதிக் கொடுத்ததை விட்டுட்டு மேடையிலயே இஷ்டத்துக்குத் தர்க்கம் பண்றாங்க, ஒருத்தரை ஒருத்தர் மடக்கிறாங்க, கதை நடுத்தெருவுல நிக்குது. பிள்ளைங்கன்னா சொன்ன பேச்சைக் கேக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஆரம்பிச்சு, அத்தனை பேரையும் சின்னப் பிள்ளைகளாச் சேர்த்தாரு. தமிழ் நாடகத்துக்கு அதனால வந்த நன்மையை நான் குறைச்சுச் சொல்லல. ஆனா ஒரு கேள்வி. பிள்ளைங்க கம்பெனிக்கு வந்தாங்கன்னா, ஒரு வீட்டை விட்டுத்தானே வந்தாங்க? அந்த வீடு என்ன ஆச்சு?

எதிரணியில சொல்வாங்க, டி.கே. சண்முகத்தைப் பாருங்க, திறமைன்னு. பார்த்தேன். ஆறு வயசுல சுவாமிகள்கிட்டப் போனவர். அந்தச் சின்னப் பையனுக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே ராத்திரியில சுவாமிகள் எழுதிக் கொடுத்தாருன்னு சரித்திரம். திறமை இல்லைன்னு யாரு சொன்னா? ஆனா அண்ணன் தம்பியெல்லாம் சேர்ந்துதான் நாடகத்துக்குப் போனாங்க. அப்பா கண்ணுசாமிப் பிள்ளையும் பெண் வேஷம் கட்டின நடிகர். ஒரு குடும்பமே பெட்டி படுக்கையைக் கட்டிக்கிட்டு ஊர் ஊராப் போச்சு. அது கொஞ்சம் கொடுத்து வச்ச வீடுன்னுதான் சொல்லணும். பிள்ளை கண்ணு முன்னாடி இருந்தான்.

கும்பகோணத்துக்கு வாங்க. இலங்கையில புருஷனைப் பறிகொடுத்துட்டு, ரெண்டு ஆம்பளைப் பிள்ளைகளோட வந்து உட்கார்ந்திருக்காங்க சத்யபாமா அம்மா. ஆனையடிப் பள்ளிக்கூடத்துல மூணாம் வகுப்பு. அத்தோட சின்னவன் படிப்பு நின்னுது. அண்ணன் சக்கரபாணி, தம்பி ராமச்சந்திரன், ரெண்டு பேரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போறாங்க. பின்னாடி அந்தத் தம்பி தமிழ்நாட்டுக்கே முதலமைச்சர் ஆனாரு, எல்லாருக்கும் தெரியும். (கைதட்டல்) கை தட்டுங்க, வேண்டாங்கல. ஆனா அன்னைக்கு அந்த அம்மாவுக்கு அது தெரியுமா? என் பிள்ளை நாடாளப் போறான்னா அனுப்பினாங்க? அங்க போனா வேளைக்குச் சோறு கிடைக்கும்னு அனுப்பினாங்க. வயித்துக்குச் சோறு போட முடியாத தாய், சோறு கிடைக்கிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்பிட்டு, பிள்ளை இல்லாத வீட்டுல ராத்திரி படுக்கிறா பாருங்க, அதை எந்தத் தராசுல நிறுப்பீங்க?

அடுத்து இவங்க எடுக்கப் போற ஆயுதம் எனக்குத் தெரியும். “சிவாஜி கணேசனை யாரும் அனுப்பலையே, கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துட்டு ஏழு வயசுல தானாத்தானே ஓடினாரு?” உண்மைதான். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில போய் நின்னாரு. என்ன சொல்லிச் சேர்ந்தாரு? “நான் அனாதை”ன்னு சொல்லிச் சேர்ந்தாரு. நடிகர் திலகத்தோட முதல் வசனமே அதுதான்னு வச்சுக்கலாம். (சிரிப்பு) இப்ப சிரிச்சோம். கொஞ்சம் நிதானமா நினைச்சுப் பாருங்க. பிள்ளை “அனாதை”ன்னு ஒரு வார்த்தை சொல்றான். அந்த வார்த்தையில, உயிரோட இருக்கிற ராஜாமணி அம்மாள் பிள்ளை இல்லாத தாயா ஆயிடுறாங்க. அவங்ககிட்ட யாரும் சம்மதம் கேக்கல. கம்பெனியில அந்தப் பையன் சீதை வேஷம் கட்டி, ராமனைப் பிரிஞ்சு அழுதிட்டிருக்கான். வீட்டுல ஒரு தாய் வேஷம் கட்டாமலே அழுதிட்டிருக்கா. (கைதட்டல்)

இன்னொரு சங்கதி. கம்பெனி வாழ்க்கையில ‘மகரக்கட்டு’ன்னு ஒண்ணு உண்டு. பதிமூணு, பதினாலு வயசுல ஆம்பளைப் பையனுக்குக் குரல் உடையும். நம்ம வீட்டுப் பையனுக்கு உடைஞ்சா, “என்னடா தவளை மாதிரி கத்தறே”ன்னு கேலி பண்ணிட்டு விட்டுடுவோம். அங்க அப்படி இல்ல. நேத்து வரைக்கும் அவன் பாட்டுக்குக் கொட்டகை நிறைஞ்சுது. இன்னிக்குத் தொண்டை திறந்தா ரெண்டு குரல் வருது. ராஜபார்ட் பறிபோச்சு, ஓரமா நிக்கிற வேஷம்தான். திறமை, திறமைங்கிறீங்களே, அந்தத் திறமைக்கு ஆயுசு எத்தனை வருஷம் பார்த்தீங்களா? அதைத் தாண்டி நின்னவங்க பேரு நமக்குத் தெரியும். சினிமாவுக்குப் போனாங்க, சரித்திரத்துல எழுதியிருக்கு. குரல் உடைஞ்சு, படிப்பும் இல்லாம, கைத்தொழிலும் தெரியாம திரும்பி வந்து திண்ணையில உட்கார்ந்தவன் பேரு யாருக்குத் தெரியும்?

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டாரு. “தியாகம் பண்ணின வீட்டுப் பிள்ளையெல்லாம் ஜெயிச்சுதா? தியாகம்தான் காரணம்னா எல்லாரும் ஜெயிச்சிருக்கணுமே?” நல்ல கேள்விங்க ஐயா. ஜெயிக்கல. பத்துல ஒண்ணுகூட ஜெயிச்சிருக்காது. ஆனா ஜெயிச்ச வீட்டுலயும் தோத்த வீட்டுலயும் செலவு ஒண்ணுதான். அந்தச் செலவு இல்லாம ஒருத்தன்கூட மேடை ஏறல. இதுதான் எங்க வாதம். (கைதட்டல்)

இது நம்ம ஊர் சமாச்சாரம் மட்டும் இல்ல. இங்கிலாந்துல எலிசபெத் ராணி காலத்துல, ராஜசபைக்குப் பாடுறதுக்குன்னு நல்ல குரல் இருக்கிற பையன்களைப் பிடிச்சுக்கிட்டுப் போக அதிகாரம் கொடுத்திருந்தாங்க. 1600-ஆம் வருஷம், பள்ளிக்கூடத்துக்கு நடந்து போயிட்டிருந்த தாமஸ் கிளிப்டன்கிற பதிமூணு வயசுப் பையனை நடுவழியில பிடிச்சு, பிளாக்பிரையர்ஸ் நாடகக் கொட்டகைக்குக் கொண்டு போயிட்டாங்க. நாடகத்துல நடிக்கணும்னு கையில பாடத்தைக் கொடுத்துட்டாங்க. அவங்க அப்பா செல்வாக்குள்ளவர். அங்க இங்க ஓடி, பெரிய இடத்துல சொல்லி, பிள்ளையை மீட்டாரு. வழக்கும் போட்டாரு. அவர் வழக்குப் போட்டதாலதான் இன்னிக்கு நமக்கு விஷயமே தெரியுது. செல்வாக்கு இல்லாத அப்பன் என்ன பண்ணியிருப்பான்? கொட்டகை வாசல்ல டிக்கெட் வாங்கிக்கிட்டுப் போய்ப் பிள்ளையைப் பார்த்திருப்பான்.

அதே லண்டன்ல 2005-இல ‘பில்லி எலியட்’னு ஒரு இசை நாடகம் அரங்கேறிச்சு. முதல்ல சினிமாவா வந்த கதை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பையனுக்கு நடனத்துல ஆசை. அப்பன் வேலைநிறுத்தத்துல இருக்கான், கையில காசு இல்ல. சினிமாவுல, செத்துப்போன பெண்டாட்டியோட நகையை அடகு வைக்கிறான் பிள்ளைக்காக. கறுப்பாங்கரிக்குப் பதிலாத் தோலுன்னு வச்சுக்கோங்க, இது நம்ம ராணிப்பேட்டைக் கதை, ஆம்பூர்க் கதை, வாணியம்பாடிக் கதை. (கைதட்டல்) அந்த நாடகத்துல பில்லி வேஷத்தை ஒரே பையன் தினமும் ஆட மாட்டான். மூணு பையன்கள் முறை வச்சு ஆடினாங்க, பரிசு கொடுத்தப்போ மூணு பேருக்கும் சேர்த்துத்தான் கொடுத்தாங்க. பிள்ளைக்கு லைசென்ஸ் வாங்கணும். பிள்ளையைப் பார்த்துக்க ஒரு ஆள் கூடவே இருக்கணும்னு சட்டம். சாப்பிட்டானா, தூங்கினானா, படிச்சானான்னு பார்க்கிறது அந்த ஆளோட உத்தியோகம். உத்தியோகம்னு சொல்றேன், கவனிங்க. அதுக்குச் சம்பளம் உண்டு!

நம்ம நாட்டுலயும் சட்டம் இல்லாம இல்ல. பெத்தவங்க முன்பணம் வாங்கிக்கிட்டுப் பிள்ளை உழைப்பை அடகு வைக்கக் கூடாதுன்னு 1933-லயே ஒரு சட்டம் வந்துச்சு. அது வர்றதுக்கு ஒரு காரணம் பீடி சுத்தின பிள்ளைங்க. இந்தச் சென்னை மாகாணத்துப் பீடிக் கொட்டகைகளைத்தான் அன்னிக்கு ராயல் கமிஷன் வந்து பார்த்துட்டுப் போச்சு. அப்புறம் 2016-இல குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினாங்க. சினிமா, டி.வி. மாதிரி இடத்துல நடிக்கிற பிள்ளையை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, வருமானத்துல 20 சதவீதமாவது பிள்ளை பேருல பாங்க்குல போடணும்னு விதி வந்துச்சு. நல்ல விதி. விடிய விடியத் திருவிழாவுல ஆடுற பிள்ளைக்கு யாரு கடிகாரம் பார்க்கிறாங்கன்னு மட்டும் கேக்காதீங்க.

நடுவர் அவர்களே, இது வரைக்கும் புத்தகத்துல படிச்சதைப் பேசினேன். இனிமே படிக்காததைப் பேசுறேன்.

நான் பாலாத்தங்கரையில ஒரு கிராமத்துக்காரன். எங்க நைனாவுக்கு டேனரியில சுண்ணாம்புத் தொட்டியில வேலை. பச்சைத் தோலை ஊறப்போட்டு எடுத்துப் போடறது. கையும் காலும் சுண்ணாம்பு அரிச்சு, விரல் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையா இருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை போகாது. சோறு பிசைஞ்சு எனக்கு ஊட்ட மாட்டாரு. “உங்கம்மா ஊட்டட்டும்”பாரு.

1981-இல எனக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூட ஆண்டு விழாவுல பாடினேன். அதைக் கேட்டுட்டுக் கூத்து வாத்தியார் ஒருத்தர் வீட்டுக்கு வந்துட்டாரு. அவங்க ஜமாவுல அரிச்சந்திரன் கூத்துக்கு லோகிதாசன் வேஷத்துக்குப் பையன் வேணும். சீசனுக்கு இருநூறு ரூபா முன்பணம். நைனா ஒரு மாசம் தொட்டியில நின்னாலும் கையில மிஞ்சாத காசு. அந்த இருநூறு ரூபா எங்க வீட்டுக்கு மேல்கூரை ஆச்சு. ஆனா எங்கம்மா ஒரு நிபந்தனை போட்டாங்க. “புள்ளையத் தனியா அனுப்ப மாட்டேன். தொணைக்கு ஆளு போவணும்.” அம்மாவால போக முடியாது, கைக்குழந்தை. நைனாவுக்கு ஷிப்டு. மிச்சம் யாரு? எங்க அக்கா. பதினாலு வயசு. எட்டாவது படிச்சிட்டிருந்தாங்க.

அக்கா படிப்பு நின்னுடுச்சு. யாரும் நிறுத்தலைங்க. நம்ம வீடுகள்ல பொம்பளைப் பிள்ளைங்க படிப்பை யாரும் நிறுத்தறதில்ல. அதுவா நின்னுடும். (நீண்ட கைதட்டல்)

இங்க ஒண்ணு சொல்லணும். சின்ன வயசுலயே பள்ளிக்கூடத்தை விட்டுட்டுக் கூத்துக்குப் போன கட்டைக்கூத்துக் கலைஞர் பி. ராஜகோபால், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல புஞ்சரசந்தாங்கல்ல 2002-இல ஒரு குருகுலம் ஆரம்பிச்சாரு. பிள்ளைங்க கூத்தும் படிக்கணும், பாடமும் படிக்கணும், பெண் பிள்ளைங்களும் வேஷம் கட்டணும்னு. தான் இழந்தது என்னன்னு தெரிஞ்சவனுக்குத்தான் அந்த யோசனை வரும். எங்களுக்கு அது இருபது வருஷம் லேட்டு.

அக்கா கூத்துக்கு வரும்போது சும்மா வர மாட்டாங்க. பீடி முறத்தோட வருவாங்க. வீட்டுலயே இலையை வெட்டி ஈரத்துணியில சுத்தி எடுத்துக்குவாங்க. வேஷம் கட்டுற கொட்டகை ஓரத்துல, மேடைக்குப் போன வெளிச்சத்துல மிச்சம் எவ்வளவு கசியுதோ அதுல உட்கார்ந்து, தூளை வச்சுச் சுருட்டி, நூல் கட்டி, கட்டு கட்டா அடுக்குவாங்க. உள்ள மத்தளம், முகவீணை. இந்தப் பக்கம் அக்கா விரல். லோகிதாசன் வர்ற கட்டம் ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி. நான் அக்கா மடியில தூங்கிட்டிருப்பேன். முறம் கீழ, நான் மேல. அரிதாரம் பூசறதுக்கு நேரமானா, அந்த இலை சுத்தின ஈரத்துணியால என் முகத்தைத் துடைச்சு எழுப்புவாங்க. இன்னிக்கும் பீடி வாசனை வந்தா எனக்குத் தூக்கம் கலைஞ்சிடும்.

அரிச்சந்திரன் கதை உங்களுக்குத் தெரியும். சத்தியத்தைக் காப்பாத்த அரிச்சந்திரன் காசியில பெண்டாட்டியையும் பிள்ளையையும் விக்கிறான். காலகண்ட ஐயர் விலை பேசறாரு. நான் நடுவுல நிக்கிறேன். ஊரே அழும். அழுதுகிட்டே பொம்பளைங்க வந்து என் சட்டையில ஒரு ரூபா, ரெண்டு ரூபா குத்துவாங்க. ஒன்பது வயசுல எனக்கு அது பெருமை. நம்ம நடிப்புக்குத்தான் அழறாங்கன்னு நினைச்சேன். இப்ப யோசிச்சா, மேடையில விலை போன பிள்ளை நான் ஒருத்தன்தான். மேடைக்குப் பக்கத்துல ஒருத்தி விலையே பேசாம போயிட்டா, அவளுக்கு யாரும் ரூபா குத்தல.

(மணி ஒலிக்கிறது)

முடிச்சிடறேன் நடுவர் அவர்களே, ரெண்டே நிமிஷம். மணி அடிக்கிறதுக்கு நான் பயப்பட மாட்டேன், மகரக்கட்டுக்குத்தான் பயந்தவன். (சிரிப்பு) பதிமூணு வயசுல எனக்கும் வந்துச்சு. சந்திரமதியைப் பார்த்து “அம்மா”ன்னு கூப்பிட்டேன், அரிச்சந்திரன் குரல் வந்துச்சு. முன்வரிசையில ஒரே சிரிப்பு. வாத்தியார் அந்த சீசனோட கணக்கு முடிச்சாரு. வர வேண்டிய பாக்கியில கொஞ்சம் வந்துச்சு, கொஞ்சம் வரல.

கூத்து இல்லாத மாசத்துல நான் பள்ளிக்கூடம் போயிட்டுத்தான் இருந்தேன். அதனால எனக்கு வழி இருந்துச்சு. குரல் உடைஞ்சது எனக்கு நல்லதாப் போச்சு. படிச்சேன், காலேஜுக்குப் போனேன், தமிழ் வாத்தியார் ஆனேன், இன்னிக்கு இந்த மேடையில நிக்கிறேன். மைக்கைப் பிடிக்கக் கத்துக்கிட்டது, கூட்டத்தைப் பார்த்துப் பயப்படாம இருக்கக் கத்துக்கிட்டது, எல்லாம் அந்தக் கூத்து மேடை போட்ட பிச்சை. அக்காவுக்கு அப்ப பதினெட்டு வயசு. எட்டாவதுல விட்ட இடத்துக்குப் பதினெட்டு வயசுல யாரு திரும்பிப் போவா? கல்யாணம் ஆச்சு. அப்புறம் ஷூ கம்பெனியில தையல் மிஷின்ல இருபத்தி ரெண்டு வருஷம்.

நேத்து ராத்திரி அக்கா வீட்டுக்குப் போனேன். “நாளைக்கு நம்ம ஊர்லயே பட்டிமன்றம், டி.வி.யில எல்லாம் வரும். உன்னோட தியாகத்தைப் பத்தித்தான் பேசப் போறேன்”னேன். ரொம்ப சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சேன். முறத்துல அரிசி புடைச்சிட்டிருந்தாங்க. நிமிர்ந்துகூடப் பார்க்கல.

“தியாகமா? தியாகம்னா, செய்றியான்னு ஒருத்தர் கேக்கணும், நான் செய்றேன்னு சொல்லணும். என்னை யாருடா கேட்டீங்க?”ன்னாங்க.

அப்புறம் அவங்களே, “சரி, பேசு. சாப்ட்டுட்டுப் போ”ன்னு தட்டை எடுத்து வச்சாங்க.

நடுவர் அவர்களே, அவங்க இந்த அரங்கத்துலதான் உட்கார்ந்திருக்காங்க. எந்த வரிசைன்னு காட்டினா எழுந்து போயிடுவேன்னு சொல்லியிருக்காங்க, அதனால காட்டல. எங்க அணி பேரு ‘தியாகமே’. அந்தப் பேருல பேசத்தான் வந்தேன். ஆனா நேத்திலேருந்து அந்த வார்த்தை என் வாய்ல சரியா வர மாட்டேங்குது. தீர்ப்பு சொல்லும்போது அவங்க கேட்ட கேள்வியையும் சேர்த்துப் பாருங்கன்னு கேட்டுக்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)